கேஸ் ஜெயித்த கதவு

துப்பாக்கிக்கு உரிமம் வாங்கியது காட்டுப்பன்றிக்காக. சுட்டது மனிதனை. தொடையில்தான், பிழைத்துக்கொண்டான்.

மலைமேல் கொட்டச்சேட்டில் எங்கள் காபித் தோட்டம். பனி இறங்கும் சாயங்காலம். பன்றி விரட்டப் புறப்பட்ட நான், களத்தில் காபி மூட்டையைத் திருடித் தூக்கியவனை அதட்டினேன். மூட்டையைப் போட்டான், கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியோடு பாய்ந்தான். வீட்டு வாசல்வரை பின்வாங்கினேன், குனிந்தேன், கத்தி கதவில் இறங்கியது. அவன் அதைப் பிடுங்கி மறுபடி ஓங்கியபோது சுட்டேன். என் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன்.

போலீசோடு திரும்பினால் வாசலும் களமும் பளிச்சென்று இருந்தன.

"ரத்தம் கெடந்தா நாளைக்கு எப்படிங்க காப்பி காயப்போடறது? கழுவி உட்டுட்டோமுங்க" என்றார்கள் தோட்டத்துப் பெண்கள், என் பாராட்டை எதிர்பார்த்து.

மூட்டையோடு ஓடியபோது நான் சுட்டதாகச் சொன்னான் அவன். கொலை முயற்சி வழக்கு. ஜாமீனில் வந்தேன். எந்தச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

சேலத்து வக்கீல் வீட்டுக்கே வந்து சொன்னார்: "மூட்டைக்காகச் சுட்டிருந்தா உள்ள போவீங்க. உசுருக்காகச் சுட்டீங்கன்னு காட்டணும். அவன் வாசல்ல நின்னதுக்கு ரத்தமே சாட்சி. அதைக் கழுவிட்டீங்க."

சொல்லிக்கொண்டே கதவைப் பார்த்தார். கிறிஸ்துமஸுக்கு வீடு முழுக்கப் புதுப் பெயின்ட். கதவில் ஓரிடம் மட்டும் பழசு.

"பெயின்டர் பட்டி பூசி அந்த வெட்டை அடைக்க வந்தாருங்க. நான்தான் உடவே இல்லீங்க" என்றாள் மனைவி. "இவரு கழுத்துக்கு வந்த வெட்டுங்க. கர்த்தர் காப்பாத்துன எடம். நெதமும் பார்க்கோணும்."

வக்கீல் விரலால் தடவினார். உள்ளே இரும்பு நெருடியது. கத்தியின் ஒடிந்த முனை.

மனுப் போட்டார். போலீஸ் வந்து கதவையே கழற்றிக்கொண்டுபோனது. வாசலில் தார்ப்பாய் தொங்கியது. பாட்டுப் பாடிவந்த கேரல் குழு நின்று விழித்தது. "ஏனுங்க, தட்டறதுக்குக் கதவே இல்லீங்களே?"

"கோர்ட்டுக்குப் போயிருக்குது" என்றாள் மனைவி. "சாட்சி சொல்ல."

சொன்னது. அன்றே போலீஸ் கைப்பற்றியிருந்த முனையில்லாக் கத்தியில் அந்தத் துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. தற்காப்பு உரிமையை மீறவில்லை என்று விடுதலை செய்தார் நீதிபதி. உரிமம் இன்னும் முடக்கத்தில்தான். துப்பாக்கி ஸ்டேஷனில் தூங்குகிறது. தூங்கட்டும்.

அப்பீல் காலம் முடிந்து கதவு கிடைத்தது. வேனில் நிறுத்திக் கட்டி, வளைவுக்கு வளைவு அதைப் பிடித்தபடி மலையேறினேன். ஒண்டிக்கடையில் டீக்கு நின்றோம்.

"புது ஊடுங்களா?" என்றார் கடைக்காரர்.

"பழைய கதவுதானுங்க" என்றேன். "கேஸ் ஜெயிச்சுட்டு வருது."

கதவுக்கும் சேர்த்து ஒரு டீ வைத்தார் அவர். இரண்டையும் நானே குடித்தேன்.