சுங்கை காடுட்டில் பாதி வாடகைக் கடை

தொழிற்பேட்டைக்கு யாராவது சுற்றுலா போவார்களா என்று வீட்டில் கேலி செய்தார்கள். அங்கே கடை வைத்திருக்கும் மல்லிகா அக்காவின் இடியாப்பத்தைச் சாப்பிடாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அதற்காகவே பள்ளி விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை சுங்கை காடுட்டுக்குக் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். சிரம்பானைத் தாண்டி இரண்டாவது நிலையம். கட்டணம் சுமார் பத்து ரிங்கிட். போகும் வழியில் செம்பனைத் தோட்டங்கள் வரும், ஜன்னலோரம் உட்காருங்கள். நிலையத்திலிருந்து வாடகைக் காருக்கு ஏழு ரிங்கிட் கொடுத்தேன்.

முன்பு ஒரு பெரிய தொழிற்சாலையின் வாசலுக்கு எதிரே, மரத்தடியில்தான் அக்காவின் கடை இருந்தது. இப்போது அங்கே வெறும் மரம்.

"அங்காடிக்கு மாத்திட்டாங்க அண்ணே. நகராண்மைக் கழகம் கட்டிக் குடுத்தது, சூப்பர் எடம் லா," என்றார் கார் ஓட்டுநர்.

இடம் சூப்பர்தான். வழவழப்பான தரை, தண்ணீர்க் குழாய், மின்விசிறி. எட்டுக் கடைகளில் ஐந்து பூட்டிக் கிடந்தன. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. நெறைய இருக்கு, நல்லா பசியாறுங்க," என்றார். காலை பத்து மணிக்கு இடியாப்பம் மிச்சமிருந்து நான் பார்த்ததே இல்லை.

தேங்காய், கேஸ், மாவு எல்லாம் விலை ஏறிவிட்டன. அக்கா கட்டுப்படியாகாமல் தவித்தபோதுதான் நகராண்மைக் கழகம் பாதி வாடகைக்கு இந்தக் கடையைக் கொடுத்தது. தொழிற்சாலை வாசலிலிருந்து சாலை வழியாக எண்ணூறு மீட்டர். தொழிலாளிகளுக்கு இடைவேளை அரை மணி நேரம்தான்.

"வாடகைய பாதியா கொறச்சாங்க, தப்பு சொல்ல மாட்டேன். ஆளு முக்காவாசி கொறஞ்சிட்டாங்க லா."

"கட்டுறதுக்கு முன்னாடி உங்களை யாரும் கேக்கலையா அக்கா?"

"கழகத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. கூரை வேணுமா, பைப் வேணுமான்னாங்க. வேணும்னேன். எங்க வேணும்னு கேக்கல. நானும் சொல்லல. நிக்கிற எடத்துலயே கட்டுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

லோரி போகும் சாலை என்பதால் இனி மரத்தடியிலும் கடை போடக் கூடாதாம். தொழிற்சாலையின் பின்பக்க வேலி அங்காடியிலிருந்து கூப்பிடு தூரம்தான். அதில் ஒரு சின்னக் கதவு திறக்கும்படி நகராண்மைக் கழகம் முதலாளியிடம் பேசினாலே இந்த எட்டுக் கடைகளும் பிழைக்கும். அக்காவும் கழகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். அது எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

போக நினைப்பவர்கள் இந்த மாதத்துக்குள் போய்விடுங்கள். இடியாப்பமும் சம்பலும் ஐந்து ரிங்கிட். காரை வாசலில் நிறுத்தாமல் நேராக அங்காடிக்கே விடச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அக்கா கடையை ஒப்படைத்துவிட்டு, அதே தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குச் சேர்கிறார்.

"இந்தக் கடைய வேற யாராச்சும் எடுத்தா, நீங்க இங்கேயே வந்து பசியாறலாம்," என்றேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே.

அக்கா வேலிப் பக்கம் பார்த்தார். உள்ளே சிலர் நின்றபடி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அரை மணி நேரத்துல நான் எப்படி தம்பி வருவேன்?"