கடலோரக் கடையில் உறுமி

மலாயாவில், அலோர் காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தோட்டத்துக் கள்ளுக்கடைப் பக்கம் உறுமி மேளம் கேட்கும். யாராவது எடுப்பாகப் பாடுவார்கள். ஆசையாய்ப் போவேன். என்னைக் கண்டதும் பாட்டு நின்றுவிடும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தலைத்துண்டை அவிழ்ப்பார்கள். சில முறை அப்படி நடந்த பிறகு போவதை விட்டுவிட்டேன்.

மலாக்கா டவுனில் பாட்டுக் கேட்க இடம் தேடினேன். சீனர் கடைகளில் ஒரே இரைச்சல். உத்தியோகக்காரர் கூடும் இடங்களில் அடுத்து யாருக்கு வேலை போகும் என்பதே பேச்சு. ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்த காலம் அது. கடைசியில் உஜோங் பாசிர் கரையில் ஒரு கடை அகப்பட்டது. போர்த்துக்கீசிய வழிவந்த மீனவக் குடும்பமொன்று தன் வீட்டு முன்புறத்தில் நடத்தியது. மணலில் இரண்டு பெஞ்சு. வீட்டுக்காரர் பிடில் வாசிப்பார். மருமகள் கள்ளை ஊற்றிக்கொண்டே பாடுவாள். ஒரு சொல்லும் எனக்குப் புரியாது. என்னையும் அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

தோட்டத்தில் ஆள் குறைக்கத் தொடங்கினார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. நிறுத்தப்பட்டவர்களில் எங்கள் உறுமிக்காரரும் அவர் மனைவியும் உண்டு.

அந்த வாரமே உஜோங் பாசிருக்குப் போனபோது, அவர்கள் இருவரும் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள். ஊருக்குக் கப்பலேறும் முன் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர்கள், கரைப்பக்கம் நடந்தபோது பிடில் சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். உறுமி அவர் மடியில் இருந்தது. என்னைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"இருங்கோ. எனக்காக எழும்ப வேண்டாம்," என்றேன்.

அவர் உட்காரவில்லை. பிடில்காரர் மலாயில், "டூடோக்லா, உட்காருங்கள், சேர்ந்து வாசிப்போம்," என்று கூப்பிட்டார்.

"கிராணி ஐயா இருக்காரு. எப்படிங்க வாசிக்கிறது?" என்றார் உறுமிக்காரர், எங்கோ பார்த்தபடி.

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "நம்மளத்தான் நிறுத்திட்டாங்களே. இனிமே இவரு நமக்குக் கிராணி இல்ல. வாசிங்க."

எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் அந்த அம்மா சொன்னது சரிதான். நான் மணலில் உட்கார்ந்தேன். உறுமி மெல்ல உறும ஆரம்பித்தது. பிடில்காரர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அதன் பின்னாலேயே வாசித்துப் போனார். ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்தன. மருமகள் கள்ளுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினாள். நான் எத்தனையோ ஞாயிறுகள் தேடி அலைந்தது இதைத்தான். ஆனால் நெஞ்சு லேசாகவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே உறுமிக்காரர் மனைவி என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எங்க பிள்ளைய தோட்டத்து ஓடைக்கரையிலதான் பொதைச்சிருக்கு. அந்த எடத்த வெட்டி மரம் நட்டுருவாங்களா?"

தோட்டத்து ஆள் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"தெரியேல்லை, அக்கா," என்றேன். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

அவர் தலையாட்டினார். உறுமி நின்றது. கணவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வளைந்த குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு, "வரோம் தம்பி," என்று எழுந்தார். இருவரும் கரையோரமாக நடந்து போனார்கள்.

மறுவாரம் டவுனுக்குப் போகாமல் ஓடைக்கரைக்குப் போனேன். அங்கே சிறிய மண்மேடுகள் பல இருந்தன. எது அவர்கள் பிள்ளையுடையது என்று காட்ட லயத்தில் ஆளில்லை. எல்லா மேடுகளையும் சுற்றிப் புல்லை வெட்டினேன். சில மாதங்களில் என்னையும் நிறுத்தினார்கள். அதுவரைக்கும் ஞாயிறுதோறும் வெட்டினேன்.