பிழைக்க வந்தவர்களைப் பற்றிய பதிவுகளும் நானும்

மனிதர்கள் மனிதர்களைத் திட்டி எழுதுவதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பதுதான் என் வேலை. வேறு ஊரிலிருந்தும் வேறு நாட்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்களைப் பற்றிச் சமூக வலைதளங்களில் வரும் பதிவுகளை, திருச்சி கண்டோன்மெண்டில் உள்ள எங்கள் ஆபீசில் உட்கார்ந்து பார்ப்போம். அது வெறும் கருத்தா, பயத்தையும் கோபத்தையும் கிளப்பிவிடும் தந்திரமா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். தந்திரம் கூடினால் மார்க்கும் கூடும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாட்டிக்கொண்டு வெளியேற முடியாமல் தவிக்கும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். என்ன, நீங்கள் சம்பளம் இல்லாமல் படிக்கிறீர்கள்.

பிளாட்பாரம்

சேர்ந்த புதிதில் ஒரு போட்டோ வந்தது. ரயில்வே பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். 'ஒரே ரயிலில் இறங்கிய வடக்கன்கள். நாளை நம் பிள்ளைகளுக்கு வேலை ஏது?' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று ஒரு மார்க் போட்டேன்.

பக்கத்து சீட் ரஹ்மத்துல்லா எட்டிப் பார்த்தார். பெரிய கடைவீதிக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். அவருடைய வாப்பா குவைத்தில் டிரைவர். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நாமம் போட்ட நெற்றிகள், துளசி மாலைகள், ஓரத்தில் பாதி தெரியும் மஞ்சள் போர்டு. நான் பிறந்து வளர்ந்ததே ஸ்ரீரங்கத்தில். தலைப்பைப் படித்த கண்ணுக்கு அந்த போர்டுகூடத் தெரியவில்லை.

"அண்ணே, இது உங்க ஊரு ஸ்டேஷன். ஏகாதசிக்குப் பெருமாளைப் பாக்க வந்தவங்க இவங்க."

அதே அறை

இன்னொரு நாள், வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே வேலைக்குப் போன நம் ஆட்களைப் பற்றி எழுதியது வந்தது. ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று. சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். ரஹ்மத்துல்லா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் கொதித்துப்போய் ஐந்து போட்டேன்.

சற்று நேரத்தில் வடக்கத்தித் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் ஒன்று வந்தது. அதே பத்துப் பேர், அதே அறை, அதே நாற்றம். 'சுகாதாரம் குறித்த ஆதங்கம்' என்று குறிப்பு எழுதி இரண்டு போட்டேன்.

சாயங்காலம் எங்கள் டீம் லீடர் வசந்தா மேடம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பதிவுகளையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். ரஹ்மத்துல்லாவும் நின்றுகொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க சார், நானும் கத்துக்கறேன்."

சாக்குப்பை

நான் இப்போது குடியிருப்பது எடமலைப்பட்டி புதூரில். எங்கள் தெரு குரூப்புக்கு அட்மின் என் மனைவியின் அண்ணன். போன மாதம் ஒரு காலை ஆபீசில் ஓர் ஆடியோ வந்தது. சாக்குப்பையோடு திரியும் வடக்கன் பிள்ளை பிடிக்கிறவன், பார்த்தால் விடாதீர்கள் என்று ஒரு பெண் அழுதாள். எந்த ஊர், யார் பிள்ளை, ஒன்றும் இல்லை. அழுகை மட்டும் இருந்தது. தயங்காமல் ஐந்து போட்டேன். மத்தியானம் அதே ஆடியோ எங்கள் தெரு குரூப்பில் வந்தது. போட்டவர் மச்சான். அவரிடம் எதற்கு வம்பு என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

வீடு திரும்பும்போது தெருமுனையில் கும்பல். நடுவில் மனோஜ். எங்கள் மாடியில் டைல்ஸ் ஒட்டுகிற பீகார்க்காரர். சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சாக்கைக் கொட்டியிருந்தார்கள். கரணை, ரப்பர் சுத்தியல், மகளுக்கு வாங்கிய ஒரு சின்ன கவுன்.

விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். "இவர் எங்க வீட்டுல வேலை பாக்குறவர். அந்த ஆடியோ பொய். காலையிலயே ஆபீஸ்ல கேட்டுட்டேன்" என்றேன். ஒவ்வொருவராக நழுவினார்கள். மச்சான் மட்டும் வெளுத்த முகத்தோடு நின்றார்.

"காலையிலயே தெரியும்னா குரூப்புல ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே, மாப்பிள்ளை?"

ஒரு நம்பர்

மனோஜை டாக்டரிடம் கூட்டிப்போனோம். போலீசுக்குப் போகலாம் என்றேன். வேண்டாம், இந்தத் தெருவில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றார். மச்சான் குரூப்பில் மன்னிப்புக் கேட்டார். அதன் கீழே, அது பொய் என்று காலையிலேயே எனக்குத் தெரியும் என நானும் எழுதினேன்.

வீக்கம் வடிந்ததும் மனோஜ் வேலைக்கு வந்தார். டீ கொடுத்துவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தமிழிலேயே சொன்னார்.

"என் நம்பரையும் அந்த குரூப்புல சேத்துடுங்க சார். ஆளைத் தெரிஞ்சா அடிக்க மாட்டாங்கல்ல."

மச்சான் சேர்த்துவிட்டார், மனோஜும் தினமும் காலையில் ரோஜாப்பூ படம் அனுப்புகிறார், ஊர்ப் பொய்யையெல்லாம் கண்டுபிடிக்கிற நான் அதற்கு ஒரு வணக்கம் போடுவதோடு என் வீரத்தை நிறுத்திக்கொள்கிறேன்.