கோதுமை படாத சாக்லேட்

என் மகளுக்குக் கோதுமை ஆகாது என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவள் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு வருடமாக வயிற்றுப்போக்கு, உப்புசம், உடம்பில் சதை பிடிக்காத மெலிவு. பூச்சி மருந்து கொடுத்துக் கொடுத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. குடலில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் உள்ளே போகக் கூடாது, கொஞ்சம் போனாலும் குடல் புண்ணாகும் என்றார். மாத்திரை கிடையாதா என்று கேட்டேன். சாப்பாடுதான் மாத்திரை என்றார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினோரு வருடமாக நிற்பவள் நான். மாத்திரை இல்லாத வியாதி என்று ஒன்று இருப்பதை என்னால் உடனே நம்ப முடியவில்லை.

சோறு தின்கிற ஊரில் இது என்ன பெரிய கஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். இட்லி, தோசை, பொங்கல் எதிலும் கோதுமை இல்லை. சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், சேமியா இவற்றை வீட்டுக்குள் விடாமல் இருந்தால் போதும். கஷ்டம் சாக்லேட்டில்தான் வந்தது. அவள் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வந்து பிறந்தநாள் சாக்லேட் கொடுப்பார்கள். இவள் அதை வாங்கிப் பென்சில் டப்பாவில் பத்திரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிப்பேன். அவள் சாக்லேட்டைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். பத்தில் எட்டு முறை நான் தலையை ஆட்டி மறுக்க வேண்டியிருந்தது.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் நானே செய்வது என்று இறங்கினேன். கடையில் விற்கிற அந்த நீள சாக்லேட் போலவே இருக்க வேண்டும், அடியில் மெத்தென்று ஒன்று, நடுவில் இழுபடுகிற இனிப்பில் கடலை, மேலே சாக்லேட். நல்ல வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் குறைவில்லை. வறுத்து, தோல் தேய்த்து, முறத்தில் புடைத்து எடுத்தேன். பேரீச்சம்பழத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, வெல்லப்பாகில் கொட்டி, வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கிளறினால் நடுப்பாகம் ஆயிற்று. அடிக்குப் பொட்டுக்கடலை மாவு. மேலே பூச கோகோ பவுடரும் தேங்காய் எண்ணெயும்.

முதல் தடவை வந்தது கல். செஞ்சியில் ஏற்கெனவே கல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டாம் தடவை லேகியம். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், அவர் அதைக் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டு, "இன்னா பிரசவ மருந்தா இது?" என்றார். மூன்றாம் தடவை பதம் கைவந்தது. வெயில் காலத்தில் மேல்பூச்சு நிற்காது. சுற்றிலும் பாறை, சாயங்காலம் வரை அனல் இறங்காது. அதனால் ஃபிரிட்ஜிலேயே வைத்து எடுக்க வேண்டும். பொரியை நொறுக்கிச் சேர்த்தால் கடிக்கும்போது மொறுமொறுவென்று இருக்கும் என்று பிறகு கண்டுபிடித்தேன்.

சுத்தத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தனி வாணலி, தனி சல்லடை, தனிக் கரண்டி. மாவு மில்லில் எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்களே என்று எல்லாவற்றையும் வீட்டு மிக்சியிலேயே அரைத்தேன். கோகோ பவுடர் டப்பாவைப் பின்பக்கம் இரண்டு முறை படித்த பிறகுதான் திறப்பேன். பொடி எழுத்துப் படிப்பதுதானே என் பிழைப்பு என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

உறை செய்வது அவள் வேலை. பட்டர் பேப்பரில் சுற்றியதன் மேல், ஸ்கெட்ச் பேனாவில் பூவும் நட்சத்திரமும் வரைந்த காகிதத்தை ஒட்டுவாள். விலை போடுவாள், தேதி போடுவாள், பின்பக்கம் எறும்பு எழுத்தில் வேர்க்கடலை, பேரீச்சை, வெல்லம், உப்பு என்று வரிசையாக எழுதுவாள். எதுக்குடி இவ்ளோ என்று கேட்டால், "அது இல்லாட்டி யாரும் நம்பி வாங்க மாட்டாங்கம்மா" என்பாள்.

இவ்வளவு செய்தும் அவளுக்குக் குணமாகவில்லை. முதல் இரண்டு மாதம் கொஞ்சம் தேறினாள். பிறகு பழையபடி சாயங்காலமானால் வயிறு பானையாக உப்பும், பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நாளில் வருவாள். ஆறாம் மாதம் பாண்டிச்சேரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனையில் இறங்கியிருக்க வேண்டிய அளவு எதுவும் இறங்கவில்லை. டாக்டர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். "வீட்டுல நீங்க சரியா இருக்கீங்க. ஆனா எங்கேயோ உள்ள போகுது" என்று சொல்லிவிட்டு, மெதுவாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. அவள் திண்டிவனம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அதன்பிறகு எனக்குப் பிசாசு பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலேயே நிற்கவைத்து வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பேன். யூனிபார்ம் பாக்கெட்டைத் துழாவுவேன். நகத்தில் சாக்லேட் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, உப்பியிருந்தால் எப்போதும்போல் ஒரு டம்ளர் மோரில் உப்பும் தாராளமாகப் பெருங்காயமும் போட்டுக் கொடுப்பேன். வயிற்று உப்புசத்துக்கு எங்கள் வீடுகளில் வேறு என்ன கொடுப்பார்கள்? ரசத்திலும் கூடுதலாகப் போட்டேன். அவளும் முகம் சுளிக்காமல் குடிப்பாள்.

ஓர் அமாவாசை அன்று விஷயம் முற்றியது. அமாவாசையில் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் பஸ் ஸ்டாண்டில்தான் இறங்கி ஏறும். வாந்தி மாத்திரை, தலைவலி மாத்திரை, குளுக்கோஸ் என்று கடையில் நிற்க நேரமிருக்காது. மதியம் டீச்சர் போன் செய்தார். வகுப்பிலேயே பாவாடையில் போய்விட்டாள், வந்து அழைத்துப் போங்கள் என்றார். முதலாளி விடவில்லை. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் தானாகவே ஆட்டோவில் வந்து, பாவாடையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஒன்பது வயது. அதைப் பார்த்து நான் அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் அவள் பையைக் கொட்டினேன். பென்சில் டப்பாவுக்குள் பளபளவென்று ஒரு சாக்லேட் உறை, நான்காக மடித்து.

"சாப்டியா?"

"இல்லம்மா."

"அப்ப கவர் எப்படி வந்துச்சு?"

"படம் பாத்து வரையறதுக்கு வாங்கனேம்மா."

முதுகில் ஒன்று வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் கை நிற்காது, இது என் பிறந்த வீட்டுக்கே தெரியும். சாப்டியா என்று மறுபடி கேட்டேன். இல்லை என்றாள். எத்தனை முறை கேட்டேன், எத்தனை அடித்தேன் என்று கணக்கு இல்லை. கடைசியில் அவள் அழுகையை நிறுத்திவிட்டு, சாதாரணக் குரலில், "சாப்டேன்" என்றாள்.

"யார் குடுத்தா?"

பக்கத்தில் உட்காரும் பெண்ணைச் சொன்னாள். அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அது. அந்த நிமிடம் எனக்குள் ஒரு நிம்மதி பரவியதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது எல்லாம் சரி, தப்பு அவளுடையது என்று ஆகிவிட்டதே. முகம் கழுவிவிட்டு மோர் கலக்கிக் கொடுத்தேன். பெருங்காயத்தை அன்று இன்னும் ஒரு சிட்டிகை கூடவே போட்டேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட கேட்டில் அந்தப் பெண்ணை நிறுத்தி, எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினேன். என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்றுகூடக் கேட்டேன். ஒன்பது வயசுக் குழந்தையிடம்! அது, "நான் குடுக்கல ஆன்ட்டி, கவர்தான் குடுத்தேன்" என்று தேம்பியது. பொய் வேற சொல்றியா என்றேன். என் மகள் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே இருவரையும் வேறு வேறு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

சாக்லேட் செய்வதை மட்டும் நான் விடவில்லை. ஆசை தீர வீட்டில் கிடைத்தால் வெளியில் வாயை நீட்ட மாட்டாள் என்பது என் கணக்கு. ஒரு சனிக்கிழமை பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து உறை எழுதிக்கொண்டிருந்தாள். பொடி எழுத்து எப்படிப் போடுவார்கள் என்று பார்க்க, எட்டுகிற அலமாரியிலிருந்து ஏதோ ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு தலையைத் தூக்கி, "ம்மா, இதுல வீட் ஃப்ளோர்னு போட்டிருக்குது. அது கோதுமை மாவுதானே?" என்றாள்.

பெருங்காய டப்பா.

பிடுங்கிப் பார்த்தேன். கோந்து, கோதுமை மாவு, அதற்குப் பிறகுதான் பெருங்காயம். வெறும் பெருங்காயம் காட்டமாக இருக்கும் என்று மாவு கலந்துதான் விற்கிறார்கள். மற்ற வீடுகளில் மாதக்கணக்கில் வருகிற டப்பா என் வீட்டில் பத்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. வயிறு உப்பியது என்று மோரில், செரிக்கட்டும் என்று ரசத்தில், வாய்வு போகட்டும் என்று துவையலில். பெருங்காயத்தைப் போய் யார் திருப்பிப் பார்ப்பார்கள்? உப்பைத் திருப்பிப் பார்ப்போமா? இப்படியெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நின்றதில்லை. அன்றைக்கு அடுப்பில் பாகு கருகி வீடெல்லாம் புகை. அவள்தான் எழுந்து கேஸை அணைத்தாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் தேவலை. "அம்மா தப்பு பண்ணிட்டேன்டி" என்றேன். "சரிம்மா" என்றாள். சாப்பிடவே இல்லை என்றால் அன்றைக்கு ஏன் சாப்பிட்டேன் என்று சொன்னாய் என்று கேட்டேன்.

"நீ கேட்டுக்கினே இருந்த. ஆமான்னு சொன்னாதான் நீ வுடுவேன்னு தெரிஞ்சுது."

மறுநாள் ஆறு சாக்லேட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், "பசங்க விஷயம்தானே, வுடுங்கக்கா" என்றாள். டப்பாவையும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அடுத்த வருடம் அவளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

பெருங்காயத்தை நிறுத்தி நான்கு மாதத்தில் என் மகள் ஆள் மாறிவிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. புது யூனிபார்ம் தைக்க வேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்த டாக்டர், இவ்வளவு பொறுப்பான அம்மா கிடைப்பது அபூர்வம் என்றார். கடைக்கு வருகிறவர்கள் என் சாக்லேட்டின் பக்குவம் கேட்கிறார்கள், மாவு சேர்க்காமல் எப்படிப் பிடிக்கிறது என்று ஆச்சரியப்படுகிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன். பெருங்காயத்தைப் பற்றியும் எச்சரிக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து அடைமழை, கதவைக்கூடத் திறக்கவில்லை, நாங்கள் இருவர்தான் வீட்டில். மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். புதிதாகச் செய்த சாக்லேட்டைக் காலையில் ஆசையாக மூன்று தின்றிருந்தாள். அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. கோபமே இல்லாமல், தலையைத் தடவிக்கொண்டே, "வெளிய எதுனா சாப்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா" என்றாள் உடனே.

காலையிலிருந்து என் கண்முன்னால்தானே இருக்கிறாள். "எப்படி, எங்க சாப்ட்ட?" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எங்கன்னு நீயே சொல்லும்மா."