அண்ணன் என்று சொல்லி வந்தவர்

வேதா திருவண்ணாமலையில் வெளிநாட்டவர் பதிவுப் பிரிவில் உதவி ஆய்வாளர். கீழ்பென்னாத்தூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் லேசில் விடமாட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெளிநாட்டுக்காரர் மொழிபெயர்ப்பாளரோடு அவர் அலுவலகத்துக்கு வந்தார். தங்கை அலினாவுக்கு மனநிலை சரியில்லை, வீட்டைவிட்டு வந்துவிட்டாள், இந்த ஊரில்தான் இருக்கிறாள், முகவரி கொடுத்தால் அழைத்துப்போய்விடுகிறோம் என்றார். குடும்பப் படமும் மருத்துவச் சான்றிதழும் காட்டினார். பேசும்போதே அவருக்குக் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டிருந்த தலைமைக் காவலர் முருகையனுக்கு மனசு இளகிவிட்டது.

"பாவம் மேடம். அட்ரஸ் குடுத்து அனுப்பிடலாங்க."

"குடுக்கலாம். மொதல்ல அந்தப் பொண்ணாண்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் காட்டிய குடும்பப் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு, வேதா சீருடையை மாற்றிக்கொண்டு ரமணாசிரமம் பக்கத்துச் சந்து ஒன்றுக்குப் போனார். மாடி அறையில் இருந்த அலினா, படத்தில் இருந்த அந்த மனிதரைப் பார்த்ததும் வெளிறிப்போனார். அவருக்கு அண்ணனே கிடையாது. தன் நாட்டுச் சிறைகளில் நடப்பதை எழுதியதற்காக அங்கிருந்து தப்பி வந்தவர் அவர். எங்கே போனாலும் மிரட்டல் பின்னாலேயே வந்தது.

வேதா திரும்பி வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டும்படியும் புகாரை எழுத்தில் கொடுக்கும்படியும் அந்த ஆளிடம் கேட்டார். பாஸ்போர்ட் ஹோட்டலில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. வேதா அன்றே மேலிடத்துக்குத் தெரிவித்து, அந்தச் சந்தில் ரோந்துக்கும் ஏற்பாடு செய்தார்.

"முருகையன் நல்லவரு சார். எரக்கப்பட்டுத்தான் அட்ரஸ் குடுக்கப் பாத்தாரு. இப்படியெல்லாம் தேடி வருவாங்கன்னு நம்ம ஆளுங்க யாருக்கும் தெரியல, சொல்லிக் குடுக்கணும்," என்று மேலதிகாரியிடம் அனுமதி கேட்டார்.

முதல் வகுப்பு எடுபடவில்லை. தப்பிப்போனவர்களை ஓர் அரசு வெளிநாட்டிலும் ஆள் வைத்துத் துரத்துவதற்குப் பெயரான ‘எல்லை தாண்டிய ஒடுக்குமுறை’ என்பதைப் பலகையில் எழுதியதுமே பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். "நம்ம ஊருக்கு இதெல்லாம் எங்க மேடம் வரப்போவுது?" என்றார் ஒருவர். அடுத்த வகுப்பில் வேதா பலகைப் பக்கமே போகவில்லை. முருகையன் எழுந்து, "ஏமாற இருந்தவன் நான்தாங்க," என்று ஆரம்பித்தார். ஒருவரும் தூங்கவில்லை. சில மாதங்களில், தூதரகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி லாட்ஜ் விருந்தாளி ஒருவரின் அறை எண்ணைக் கேட்ட ஆளிடம், அருள்ராஜ் என்ற இளம் காவலர் எதுவும் சொல்லாமல், பேசியவரின் போன் நம்பரை மட்டும் குறித்துக்கொண்டு வேதாவை அழைத்தார்.

போன மாதம் அலினாவே வகுப்புக்கு வரச் சம்மதித்தார். அவரை யாரும் படமெடுத்துவிடக் கூடாது என்று எல்லோருடைய கைபேசிகளையும் வெளியே வாங்கி வைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பேச, வேதா தமிழில் சொன்னார். "அன்னிக்கி நான் யூனிபார்ம்ல போயிருந்தா கதவையே தொறந்திருக்க மாட்டாங்களாம்."

காவலர்களோடு அன்று வகுப்புக்கு அழைக்கப்பட்டிருந்த கிராம நிர்வாக அலுவலர் கீர்த்தனா எழுந்து கேட்டார். "அப்பா அம்மாவாண்ட போன்ல பேசுவாங்களா மேடம்?"

அலினா தலையசைத்து மறுத்தார். தான் பேசினால் அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போலீஸ் போகும் என்றார். அதை வேதா கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் கீர்த்தனா வேதாவிடம் வந்தார். "லாட்ஜ்காரங்களுக்கும் இத சொல்லுங்க மேடம். தேடி வர்றவன் மொதல்ல அங்கதான் போவான்."

"நீங்களும் கூட வாங்க," என்றார் வேதா.