பூஜையில் உட்கார்ந்த உள்பெட்டி

கம்ப்யூட்டர் தொழிலில் உள்ளே இருந்து வேலை செய்வது ஒருத்தர், முன்னால் நின்று திட்டு வாங்குவது வேறொருத்தர். பிள்ளைகள் வீட்டிலேயே கம்பெனி நடத்துகிற தாய்மார்களுக்கு இது நான் சொல்லாமலே தெரியும்.

என் மகன் தினேஷ் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, கேரளத்தில் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்கே வந்துவிட்டான். வரும்போது இரண்டு கம்ப்யூட்டர் பெட்டி கொண்டு வந்தான். ஹாலில் வைத்தது முன்பெட்டி. சாமான் அறையில் இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தது உள்பெட்டி. வெளியிலிருந்து யார் என்ன கேட்டாலும் முன்பெட்டி வாங்கி உள்பெட்டிக்குக் கொடுக்கும். உள்பெட்டி சொல்கிற பதிலைக் கொண்டுவந்து கேட்டவரிடம் சேர்க்கும். முன்பெட்டிக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது. போன் எடுக்கிற வேலை என்னுடையது. எனக்கும் அப்படித்தான்.

முதலில் கிடைத்தது மறையூர் வெல்லக்காரர்களின் வேலை. ஜனங்கள் அவர்களிடமே நேராக வெல்லம் ஆர்டர் செய்ய ஒரு வெப்சைட். விஜயதசமி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை தினேஷுக்கு. பிடிக்காவிட்டால் வேலை கொச்சியில் ஒரு கம்பெனிக்கு, தினேஷ் மறுபடியும் பெங்களூருக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இவனும் போனால் ஊட்டில் நானும் சாமி விளக்கும்தான். தினமும் முருகனிடம் இது ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறதியில் பங்கு

கல்பாத்தியில் வெல்லம் வாங்கப் பார்த்த ஒரு மாமா பாஸ்வேர்டை மறந்துவிட்டு, தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்திருக்கிறார். யாரோ திருடன் என்று நினைத்து உள்பெட்டி, அது வந்த இன்டர்நெட் விலாசத்தைத் தடுத்துவிட்டது. இதில் தப்பில்லை. ஆனால் முன்பெட்டி, யார் வந்தாலும் அவர் விலாசத்தைச் சொல்லாமல் தன் விலாசத்தையே சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. உள்பெட்டியைக் கேட்டால் கேரளம் முழுக்க எங்கள் ஹாலில்தான் குடியிருக்கிறது. மாமாவைத் தடுத்ததும் எல்லாரும் வெளியே நின்றார்கள்.

“வந்தவங்க விலாசத்தையும் சேர்த்து அனுப்புன்னு எழுத மறந்துட்டேம்மா” என்று தினேஷ் தலையைச் சொறிந்தான். அவன் எழுதி முடிக்கும்வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பொய் வராது. கேட்டவர்களுக்கெல்லாம் காரணத்தை உள்ளபடி சொன்னேன். அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தர் அந்த மாமாவின் சம்சாரமே. மாமி ஒரு பெருமூச்சு விட்டார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் மறதியை நான் ஒருத்திதான் அனுபவிச்சிண்டிருந்தேன். இப்போ ஊருக்கே பங்கு போட்டுட்டேளா?”

படத்தில் நின்றவர்கள்

மறையூர்க்காரர்களுக்கு ராசு என்பவர் தலைவர் மாதிரி. என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெப்சைட்டில் போட வெல்லத்தின் படம் கேட்டோம். பாகு காய்ச்சுகிற கொப்பரையைச் சுற்றிக் குடும்பமே நிற்கிற படத்தைப் புதுப் போனில் எடுத்து ஏற்றப் பார்த்தார். முன்பெட்டி உள்ளே ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய படம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டது.

தினேஷ் குளிக்கப் போயிருந்தான். “படத்தைச் சின்னதாக்கி அனுப்புங்க தம்பி” என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. மறுபடியும் திரும்பி வந்தது. “இன்னும் கொஞ்சம் சின்னதா” என்றேன். மகன் தலை துவட்டிக்கொண்டு வந்து, முன்பெட்டியில் அளவைக் கூட்டி எழுத உட்காருவதற்குள் ராசு கூப்பிட்டுவிட்டார்.

“அக்கா, முதல்ல மச்சானை வெட்டினேன். அப்புறம் சம்சாரத்தை வெட்டினேன். இப்ப என்னையும் வெட்டிட்டேன். வெல்லம் மட்டுந்தான் மிச்சம், இதாவது உள்ளே போகுமா?”

சரஸ்வதிக்கு முன்னால்

எங்கள் பக்கம் துர்காஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் தொழில் சாமானையும் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலை வரைக்கும் தொடமாட்டோம். அன்று தினேஷ் மறையூருக்குப் போயிருந்தான். மறுநாள் கரும்பு ஆலையெல்லாம் பூஜையில் இருக்கும், எல்லாருக்கும் ஓய்வு, வந்து வெப்சைட்டைக் காட்டுங்கள் என்று ராசு சொல்லியிருந்தார்.

இங்கே ஊட்டில் நான் யோசித்தேன். நமக்குச் சோறு போடுகிற சாமான் உள்பெட்டிதான். அதன் சுவிட்சை அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, தினேஷின் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்களோடு சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்காரவைத்தேன். முன்பெட்டியை மட்டும் ஓடவிட்டேன். யாராவது வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே.

மறுநாள் அங்கே எல்லார் முன்னாலும் திறந்தால், 502 என்று வந்திருக்கிறது. உள்ளேயிருந்து பதில் இல்லை என்பதை முன்பெட்டி அப்படித்தான் சொல்லும். அங்கிருந்தபடியே முன்பெட்டிக்குள் நுழைந்து, ‘வந்ததை உள்பெட்டிக்கு அனுப்பு’ என்கிற வரியை மத்தியானம் வரைக்கும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான் பாவம். கடைசியில்தான் எனக்குப் போன்.

“அம்மா, உள்பெட்டி ஓடுதா பாரும்மா.”

“அதெப்படி கண்ணு ஓடும்? பூஜையில உக்காந்திருக்குது.”

“எடுத்து ஓடவிடும்மா. இல்லைன்னா இந்த வேலை போயிரும்” என்றான்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே பூஜை அறை வாசலில் நின்றேன். எடுத்தால் தெய்வக் குற்றம். எடுக்காவிட்டால் பிள்ளை பெங்களூருக்கு. “தாயே, பெத்தவளுக்காகப் பொறுத்துக்கோ” என்று வாய்விட்டுச் சொல்லிக் கையை நீட்டிவிட்டேன். அப்போது போனில் ராசுவின் குரல் வந்தது. தினேஷ் ஸ்பீக்கரில் போட்டுப் பேசியிருக்கிறான், அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அக்கா, தொடாதீங்க. எங்க ஆலையே பூஜையில இருக்கப்ப உங்க பெட்டி மட்டும் ஓடுனாத்தான் தப்பு. கொச்சிக்காரங்க பெட்டி வருசம் பூரா நிக்காம ஓடுமாம். நல்ல நாள்ல நிக்கத் தெரிஞ்ச பெட்டிதான் எங்களுக்கு வேணும், வேலை தம்பிக்குத்தான்.”

விஜயதசமி காலையில் கும்பிட்டு உள்பெட்டியை எடுத்து ஓடவிட்டோம். முதல் ஆளாக வந்தது கல்பாத்தி மாமா, பாஸ்வேர்டை மறந்துவிட்டு.

இப்போது தினேஷ் உள்ளறையில், நான் ஹாலில்: முன்பெட்டிக்கும் எனக்கும் விழுகிற திட்டு ஒன்றும் குறையவில்லை, ஆனால் உள்ளே பார்த்துக் கூப்பிட்டால் பதில் வருகிறது.