இடம் மாறும் பட்டன்கள்

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் வெல்டிங் வாத்தியார். இருபது வருடமாக ஒரே பாடம். இரும்பு இன்றைக்கும் அதே சூட்டில்தான் உருகுகிறது. யாரும் அதற்குப் புது வெர்ஷன் விட்டு என் உயிரை வாங்கவில்லை. பக்கத்து அறை கம்ப்யூட்டர் பிரிவு. அங்கே பாடம் நடத்துகிறவரை நோட்டு டீச்சர் என்போம். பதினெட்டு வருடத்தில் ஏழு முறை பாடத்திட்டம் மாறியது. ஏழு முறையும் அவர் முதலில் தான் படித்து, பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எந்தப் பட்டன், எத்தனையாவது வரி என்று குறிப்பெழுதி, நோட்டாகத் தைத்து எல்லோர் கையிலும் கொடுத்தார். மனப்பாடம் செய்தால் பாஸ். தன்னிடம் படித்து யாரும் பெயிலானதில்லை என்று டீச்சருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

போன வருடம் அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தாமாகவே அப்டேட் ஆகி, பட்டன்களை இடம் மாற்றிவிட்டன. தேர்வில் கேட்டது, ஒரே கடிதத்தை நாற்பது பேருடைய பெயர், முகவரியோடு தயாரிக்கும் வேலை. நோட்டில் இருந்தபடி இருபத்திரண்டு பேரும் மேல்வரிசையில் ஐந்தாவது பட்டனை அமுக்கினார்கள். இருபத்திரண்டு திரையிலும் தாள் குறுக்கே படுத்துக்கொண்டது. மறுபடி அமுக்கினார்கள், எழுந்து நின்றது. படுக்கவைப்பதும் எழுப்புவதுமாகப் பாதி நேரம் போயிற்று. பதினான்கு பேர் பெயில். கேள்விப்பட்டபோது நான் சிரித்துவிட்டேன். டீச்சர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் தையல்கார அம்மா. நாற்பத்து மூன்று வயது. கழுத்துவலியால் மெஷினில் குனிய முடியாமல் இந்தப் படிப்புக்கு வந்தவர். ஒரு கிளினிக்கில் நோயாளிகளைப் பதிவுசெய்யும் வேலை அவருக்காகக் காத்திருந்தது. அடுத்த தேர்வு வரை இடத்தை வைத்திருப்பதாக டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். தேர்வெழுத இரண்டு வாய்ப்புதான். இதிலும் தவறினால் சர்டிபிகேட்டும் இல்லை, வேலையும் இல்லை.

இந்த வருடம் டீச்சர் நோட்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினார். தினமும் அரைமணி நேரம் முன்னதாக வந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பட்டன்களை ஒளித்தார், கலைத்தார், தலைகீழாக அடுக்கினார். ஒரு கம்ப்யூட்டர் போல இன்னொன்று இல்லை. இரண்டே வாரத்தில் புகார் முதல்வர் அறைக்குப் போனது. நானும் அங்கே ஒரு கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தேன்.

"என்னம்மா, உங்க லேப்ல எல்லா கம்ப்யூட்டரும் கெட்டுப்போச்சுன்னு பசங்க சொல்றாங்க?" என்றார் முதல்வர்.

"கெடல சார். நான்தான் கெடுக்கிறேன்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு விதியும் வந்தது. சந்தேகம் வந்தால் பத்து நிமிஷம் யாரையும் கேட்கக் கூடாது. "பட்டனைத் தேடாதீங்க. உங்களுக்கு என்ன வேலை ஆகணும்னு வாய்விட்டுச் சொல்லுங்க, அப்புறம் தேடுங்க" என்பார். அதிலிருந்து பக்கத்து அறை சந்தைக்கடை ஆகிவிட்டது. என் பட்டறையின் இரைச்சலையும் மீறி, "எனக்கு முகவரி வேணும், எனக்கு முகவரி வேணும்" என்று யாராவது மன்றாடுவது கேட்கும். டீச்சரின் கணவர் பஸ் டிரைவர், பெரிய குறும்புக்காரர். விஷயம் தெரிந்ததும் வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்து, "பத்து நிமிஷம் கேக்கக் கூடாது" என்றாராம்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தையல்கார அம்மா பொறுமை இழந்துவிட்டார். தாழ்வாரத்திலேயே டீச்சரை மறித்துக்கொண்டார்.

"டீச்சர், புதுப் பட்டனுக்கும் ஒரு நோட்டு எழுதிக் குடுத்திடுங்க. என் வயசுக்கு இந்தக் கண்ணாமூச்சி எல்லாம் ஆகாது. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு சான்ஸ்."

"அதனாலதாம்மா குடுக்கமாட்டேங்கிறேன்."

"உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று டீச்சர் தேநீரைக் குடிக்காமல் ஆறவிட்டார். "குடுத்திடலாமா சார்?" என்று என்னைக் கேட்டார். குடுங்க, பாவம், என்றேன். எல்லாம் தெரிந்தவன் போல வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. மாறாக, தினமும் மாலையில் ஒரு மணி நேரம் தையல்கார அம்மாவுக்கென்று தங்கினார். அவர் தேட, இவர் வாயை இறுக மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பேசாமல் இருப்பதற்கு டீச்சர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தேர்வு நாளில் வேறு பிரிவு ஆசிரியர்தான் கண்காணிப்பு. என்னைப் போட்டார்கள். டீச்சர் வெளியே நிற்க வேண்டும். வெளித்தேர்வாளர் வந்து, இந்த முறை தேர்வு, தேர்வு வாரியத்தின் புதிய இணையதளத்தில்தான் என்றார். கேள்வி போன வருடத்து அதே நாற்பது கடிதம்தான். திரை திறந்தது. மேல்வரிசையே கிடையாது. வெள்ளைப் பக்கமும் இடது ஓரத்தில் நாலு சின்னப் படங்களும் மட்டும்தான். நான் மேஜை மேஜையாகப் போய் எட்டிப்பார்த்தேன். தேர்வெழுதுவது நானா அவர்களா என்றே தெரியவில்லை.

ஒரு நிமிடம் கழித்து முணுமுணுப்பு ஆரம்பித்தது. தேர்வாளர் நிமிர்ந்தார்.

"யாரும்மா அது? யார்கிட்ட பேசுறீங்க?"

"கம்ப்யூட்டர்கிட்ட சார்" என்றார் தையல்கார அம்மா.

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "இவங்க பழக்கம் சார், ஒருத்தருக்கொருத்தர் பேசமாட்டாங்க" என்றேன். மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தையல்கார அம்மா ஓரத்துப் படம் ஒன்றைத் திறந்தார். இல்லை. மூடினார். இன்னொன்று. அதிலும் இல்லை. கடிகாரத்தில் இருபது நிமிடம் போய்விட்டது. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு நாப்பது பேருக்கு லெட்டர் போகணும்" என்று தனக்குள் சொன்னார். பிறகு கடிதத்தை அப்படியே விட்டுவிட்டு, முகவரிப் பட்டியலைத் திறந்தார். நாற்பது வரிகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார். பட்டியலின் கீழே ஒரு சின்ன வரி முளைத்தது. அதை அமுக்கினார். கடிதம் எங்கே என்று அது கேட்டது. காட்டினார். ஒவ்வொரு பெயராக நாற்பது கடிதமும் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெல்டிங் புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நேரம் முடிந்ததும் தேர்வாளர் அந்த மேஜையருகே வெகுநேரம் நின்றார். எல்லோரையும் அனுப்பிவிட்டு, தையல்கார அம்மாவை மட்டும் இருக்கச் சொல்லி, டீச்சரை உள்ளே கூப்பிட்டார். டீச்சர் வெளிறிப்போய் வந்தார்.

"பட்டியல் பக்கத்திலேருந்து இப்படி வரலாம்னு எங்க வழிகாட்டியிலேயே இல்லையேம்மா. நீங்க சொல்லிக்கொடுத்ததா?"

டீச்சர் குனிந்து திரையைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இல்ல சார். எனக்கே இது தெரியாது."

"அப்ப இந்த மார்க் முழுசும் இவங்களோடதுதான்."

"ஆமா சார்" என்றார் டீச்சர். "போடுங்க."